6, 8, 11: உயிர்ப்புவியியல் மண்டலங்களின் எண்ணிக்கை ஏன் வரைபடத்துக்கு வரைபடம் மாறுகிறது?

பொதிகைச்சாரல் (கேள்வி)

மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். உயிரினங்கள் எங்கெங்கே பரவியுள்ளன என்று ஆராயும் உயிர்ப்புவியியல் பாடத்துக்குக் குறிப்பெடுக்கும்போது மூன்று உலக வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவது, உலகத்தைப் பாலியார்க்டிக் (ஐரோப்பா, வட ஆசியா), நியார்க்டிக் (வட அமெரிக்கா), நியோட்ராபிக் (நடு, தென் அமெரிக்கா), எத்தியோப்பியன் (சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா), ஓரியண்டல் (தெற்கு, தென்கிழக்காசியா), ஆஸ்திரேலியன் என 6 மண்டலங்களாகப் பிரிக்கிறது. இரண்டாவது, அன்டார்க்டிகாவையும் பசிபிக் தீவுகளையும் தனித்தனியாக்கி 8 என்கிறது. 2013இல் வெளியான மூன்றாவதில் 11 மண்டலங்கள் உள்ளன. மடகாஸ்கர் ஒன்று, சகாராவும் அரேபியாவும் சேர்ந்து ஒன்று, திபெத் முதல் ஜப்பான் வரை ஒன்று என்று அது போகிறது.

எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால், புதிய தரவுகள் கிடைத்ததால் திருத்தினார்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடலாம். ஆனால் பழைய 6ஐ இன்றும் பாடநூல்கள் கைவிடவில்லை. எல்லைக் கோடுகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு ஒரு படத்தில் ஆசியாவோடும் இன்னொன்றில் ஆஸ்திரேலியாவோடும் இருக்கிறது; வேறொன்றில் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறது.

இந்த மண்டலங்களை அறுதியிட்டு அறிவிக்கும் பொது அமைப்பு ஏதேனும் உண்டா? கோடுகள் இயற்கையிலேயே இருப்பவையா, அல்லது வரைபவரின் வசதிக்கு இடப்பட்டவையா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


கடல்மட்டம் (பதில்)

அப்படியோர் அமைப்பு இல்லை. ஒரு வகைப்பாட்டை ஒருவர் முன்வைக்கிறார். மற்ற ஆய்வாளர்கள் தங்கள் வேலைக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் திருத்துகிறார்கள். நீங்கள் குறிப்பிடும் 6 மண்டலப் பிரிவும் அப்படி நிலைத்ததுதான். அதன் வரலாற்றைச் சொன்னால் சுலாவெசிச் சிக்கலும் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆங்கிலேயப் பறவையியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1857இல் இலண்டன் லின்னியன் சங்கத்தில் வாசித்து, 1858இல் அச்சிட்ட கட்டுரையில்தான் இந்த 6 மண்டலங்களும் முதலில் வருகின்றன. அவர் பறவைகளை மட்டுமே, அவற்றிலும் முதன்மையாகக் குருவி வரிசையைச் சேர்ந்தவற்றையே சான்றாகக் கொண்டார். உயிரினங்கள் அந்தந்த நிலப்பகுதியிலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டன என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே படைப்பின் எல்லைகளைத் தேடித்தான் அவர் உலகத்தைப் பிரித்தார். அடிப்படைக் கருத்து பிற்காலத்தில் முற்றிலும் கைவிடப்பட்ட பிறகும் அவர் வரைந்த பகுதிகள் பெரும்பாலும் நிலைத்துவிட்டன என்பது இத்துறை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண். காரணத்தை அவர் தவறாகக் கருதியிருந்தாலும், அவர் கண்ட வேறுபாடுகள் உண்மையானவை.

அடுத்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் மாதிரிகள் சேகரித்தவர். 1856 ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து மக்காசருக்குப் போக நேரான கப்பல் கிடைக்காததால் பாலி, லொம்போக் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நேரான கப்பல் கிடைத்திருந்தால் தம் பயணத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் சிலவற்றைத் தவறவிட்டிருப்பேன் என்று அவரே பின்னர் எழுதினார். பாலியில் குக்குறுவான்களையும் மரங்கொத்திகளையும் கண்டவர், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீரைக் கடந்து லொம்போக்கில் இறங்கியதும் அவற்றைக் காணாமல், ஆஸ்திரேலியப் பக்கத்துக்குரிய காக்கட்டூக்களையும் தேனுண்ணிகளையும் மண்மேடு கட்டி முட்டையிடும் மெகபோடு பறவைகளையும் கண்டார். இரண்டு தீவுகளுக்கும் மண்ணிலும் வெயிலிலும் மழையிலும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே தட்பவெப்பத்தைக் காரணமாகச் சொல்ல வழியில்லை.

காரணம் கடலின் ஆழத்தில் இருந்தது. ஆசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆழமற்ற கடலடித் திட்டுகள் நீண்டிருப்பதை 1845இலேயே ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் சுட்டிக்காட்டியிருந்தார். பனியூழிகளில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவை ஆசியாவோடு ஒரே நிலமாக இணைந்தன. இன்று சுண்டாத் திட்டு என்கிறோம். நியூகினி ஆஸ்திரேலியாவோடு சேர்ந்தது; அது சாகுல் திட்டு. லொம்போக் நீரிணையோ அதன் ஆழமற்ற இடத்திலும் 250 மீட்டருக்கு மேல் ஆழமுடையதால் ஒருபோதும் வற்றவில்லை. அந்தப் பிளவு வடக்கே போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் இடையிலுள்ள மக்காசர் நீரிணை வழியாகத் தொடர்கிறது. 1863இல் வாலஸ் இதை வரைபடத்தில் சிவப்புக் கோடாக இட்டார். அதற்கு ‘வாலஸ் கோடு’ என்று 1868இல் பெயரிட்டவர் தாமஸ் ஹக்ஸ்லி. பெயரிடும்போதே கோட்டின் வடபகுதியைப் பலவான் தவிர்த்த பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு மேற்கே அவர் நகர்த்திவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது, கோடு பெயர் பெற்ற நாளிலேயே திருத்தத்துக்கும் உள்ளாயிற்று.

சுலாவெசிக்கு வருவோம். அந்தத் தீவு சுண்டாத் திட்டிலும் இல்லை, சாகுல் திட்டிலும் இல்லை. பல புவித்தட்டுத் துண்டுகள் மோதி ஒட்டிய நிலம் அது. அங்கே குரங்குகளும் டார்சியர்களும் அனோவா என்னும் குள்ள எருமையும் உள்ளன. இவை ஆசிய வழியினர். அவற்றோடு கஸ்கஸ் என்னும் பைம்மாவும் (வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு) மெகபோடுகளும் உள்ளன. இவை ஆஸ்திரேலிய வழியினர். கோரைப்பற்கள் மேல்தாடையைத் துளைத்துக்கொண்டு வளரும் பாபிருசாப் பன்றி இப்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. கெண்டைக் குடும்ப மீன்கள் போர்னியோ ஆறுகளில் நிறைந்திருந்தும் சுலாவெசியில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. இவற்றில் எதற்கு மிகுந்த எடை கொடுப்பது என்பதில் வாலஸே தடுமாறினார். தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பக்கம் வைத்தவர் 1910இல் கோட்டைச் சுலாவெசிக்குக் கிழக்கே மாற்றினார்.

1896இல் ரிச்சர்ட் லிடெக்கர் சாகுல் திட்டின் மேற்கு விளிம்பை ஒட்டி ஒரு கோட்டை முன்வைத்தார். இரு பக்கத்து விலங்கினங்களும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தைக் குறிக்கும் வெபர் கோடு இவ்விரண்டுக்கும் நடுவில் செல்கிறது. வாலஸ் கோட்டுக்கும் லிடெக்கர் கோட்டுக்கும் இடைப்பட்ட தீவுகள் அனைத்தையும் 1928இல் டிக்கர்சன் ‘வாலசியா’ என்றழைத்தார். சுலாவெசி எந்தப் பக்கமும் சேராமல் நிற்பதாக நீங்கள் சொன்ன படத்தில் நடுவே இருப்பது இதுதான். என் கருத்தில் மாணவர்களுக்கு இதுவே நேர்மையான படம். வாலஸ் கோடு ஆசியக் கண்டத்திட்டின் விளிம்பைக் காட்டுகிறது, லிடெக்கர் கோடு ஆஸ்திரேலியத் திட்டின் விளிம்பைக் காட்டுகிறது. இரண்டும் இயற்கையில் உள்ளவை. அவற்றுள் ஒன்றை மட்டும் இரண்டு உலகங்களின் எல்லை என்று அறிவிப்பதுதான் மனிதர் எடுக்கும் முடிவு.


இலையடுக்கு (பதில்)

மேலே உள்ள விளக்கம் சிறப்பானது. ஆனால் அது முழுக்க முழுக்க விலங்குகளின் புவியியல். தாவரங்களைக் கொண்டு உலகத்தைப் பிரித்தால் வேறொரு படம் கிடைக்கும் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

ஆர்மேனிய வழிவந்த சோவியத் தாவரவியலாளர் தக்தஜான் உலகத் தாவரங்களை ஹோலார்க்டிக், பேலியோட்ராபிக், நியோட்ராபிக், கேப், ஆஸ்திரேலியன், அன்டார்க்டிக் என 6 பேரரசுகளாகப் பிரித்தார். இதுவும் 6தான் என்று பார்த்து விலங்கு மண்டலங்களோடு பொருத்திவிடக் கூடாது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியும் ஐரோப்பாவும் வட ஆசியாவும் இங்கே ஒரே பேரரசு. ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலமும் இந்தியாவும் தென்கிழக்காசியாவும் இன்னொரு பேரரசு. ஆனால் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் பரப்பு மட்டும் கொண்ட கேப் பகுதி தனியொரு பேரரசு. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறியது என்பது தெரியும். அங்கே சுமார் 9,000 பூக்கும் தாவர இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வேறெங்கும் வளராதவை. புரோட்டியா, எரிக்கா, நாணல் போன்ற ரெஸ்டியோ ஆகியவை அந்நிலத்துக்கு முகம் கொடுக்கும் குடும்பங்கள். அதே பகுதியின் பாலூட்டிகளை மட்டும் பார்ப்பவருக்கு அதை ஆப்பிரிக்காவின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிக்கப் போதிய காரணமே கிடைக்காது.

நியூகினி இன்னும் தெளிவான சான்று. விலங்கியலாளருக்கு அது ஐயமின்றி ஆஸ்திரேலியப் பக்கம். மரக்கங்காருகளும் முட்டையிடும் எக்கிட்னாக்களும் அங்கே வாழ்கின்றன. தாவரவியலாளருக்கு அதன் தாழ்நில மழைக்காடு பெரும்பாலும் மலேயக் காட்டின் தொடர்ச்சி. ஆசியக் காடுகளின் அடையாளமான டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள்கூட அங்கே உள்ளன, மலைகளில் ரோடோடெண்ட்ரான்கள் ஏராளமாக உள்ளன. தக்தஜான் அதைப் பேலியோட்ராபிக்கில்தான் வைத்தார். விதை காற்றில் பறக்கும், கடலில் மிதக்கும், பறவையின் வயிற்றில் பயணிக்கும். சென்று சேர்ந்த இடத்தின் ஈரமும் வெப்பமும் பழகியவையாக இருந்தால் வேரூன்றிவிடும். குரங்குக்கும் நன்னீர் மீனுக்கும் அந்த வசதி இல்லை.

8 மண்டலப் படம் வேறு தேவைக்கு உருவானது. உலகின் எல்லா வகை நிலங்களிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஒரு சட்டகம் வேண்டியிருந்தது. அதற்காகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் அமைப்புக்கு 1975இல் மிக்லோஷ் உத்வார்தி 8 மண்டலங்களும் 193 மாகாணங்களும் கொண்ட பிரிவை அளித்தார். உலக இயற்கை நிதியத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2001இல் 8 மண்டலங்கள், 14 உயிர்க்குழுமங்கள் (மழைக்காடு, பாலைவனம் போன்ற நிலவகைகள்), 867 சூழல் வட்டாரங்கள் என்று வெளியிட்டார்கள். அவர்களுக்கு அன்டார்க்டிகாவை விட்டுவிட முடியாது, ஏனெனில் பாதுகாக்கப்பட வேண்டிய நிலப்பட்டியலில் அதுவும் இருக்கிறது. தரைவாழ் பாலூட்டியே இல்லாத கண்டத்தைப் பற்றிப் பாலூட்டிகளை எண்ணியவர் கவலைப்படாததும் இயல்புதான்.


பொதிகைச்சாரல்

இருவருக்கும் நன்றி. ஆனால் இவற்றைப் படித்த பிறகு வேறோர் ஐயம் எழுகிறது. எந்த உயிரினத் தொகுதியை எடுப்பது, எந்தத் தேவைக்கு வரைவது என்பதைப் பொறுத்தே படம் மாறும் என்றால், அறிவியலின் புறவயத் தன்மை எங்கே வருகிறது? 2013ஆம் ஆண்டுப் படம் கணினிக் கணக்கீட்டில் வந்தது என்கிறார்கள். அதிலாவது மனிதத் தெரிவு நீங்கிவிட்டதா?


அணிக்கோவை (பதில்)

நீங்கவில்லை, ஆனால் தெரிவுகள் வெளிப்படையாகிவிட்டன. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய முன்னேற்றம்.

ஹோல்ட் தலைமையிலான குழு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட அந்த ஆய்வு 21,037 இனங்களின் பரவலை எடுத்துக்கொண்டது. அவை நீர்நிலவாழ்விகள், பறவைகள், பாலூட்டிகள். உலக நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் மற்றக் கட்டங்களிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டு, ஒத்தவற்றைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை. இதில் முதல் முடிவே ‘வேறுபாடு’ என்றால் என்ன என்பதில் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் 100 இனங்கள், பக்கத்துக் கட்டத்தில் 20 இனங்கள். அந்த 20உம் முதல் கட்டத்திலும் உள்ளவை என்று கொள்வோம். சோரன்சன் குறியீட்டின்படி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.67, அதாவது மிக அதிகம். சிம்ப்சன் குறியீட்டின்படி அது 0. முதல் அளவுகோலைப் பயன்படுத்தினால், வறட்சியினால் இனங்கள் குறைந்துபோன ஒரு நிலம் தனக்கென்று ஓர் இனமும் இல்லாதபோதும் தனி மண்டலம்போலத் தோன்றும். இரண்டாவது அளவுகோல் எண்ணிக்கைக் குறைவைப் புறக்கணித்து, ஓரிடத்து இனத்துக்குப் பதிலாக இன்னோர் இடத்தில் வேறு இனம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. மண்டலம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் இதையே விரும்புவது அதனால்தான்.

ஹோல்ட் குழு இன்னொரு படி மேலே சென்று பரிணாம உறவையும் கணக்கில் சேர்த்தது. இனப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டால், அண்மையில் பிரிந்த இரண்டு அணில்களும் ஓர் அணிலும் ஒரு கங்காருவும் ஒரே அளவு வேறுபட்டவையாகவே எண்ணப்படும். மரபுக் கிளைகளின் நீளத்தை அளந்தால் முதல் வேறுபாடு சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் தெரியும். ஆழமான காலப் பிரிவுகளைக் காட்ட இது உதவுகிறது. 11 பெருமண்டலங்களும் அவற்றுக்குள் 20 வட்டாரங்களும் இப்படித்தான் கிடைத்தன. வாலஸ் ஆஸ்திரேலியாவோடு வைத்த நியூகினி, பசிபிக் தீவுகளோடு சேர்ந்து தனிப் பெருமண்டலமானது இதில்தான்.

ஏன் 11, ஏன் 15 இல்லை என்று கேட்டால், விடை சற்றுச் சங்கடமானது. கணக்கீடு தருவது, ஒத்த கட்டங்கள் படிப்படியாக இணைவதை மரக்கிளைகள்போலக் காட்டும் ஒரு கிளைவரைபடம். அதை எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அதற்கேற்பத் துண்டுகளின் எண்ணிக்கை வரும். அந்த உயரத்தை ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்கிறார். இத்தகைய கணிப்பு முறைகளை 2010இலேயே வகுத்தளித்த கிரெஃப்ட், ஜெட்ஸ் இருவரும் 2013 ஆய்வின் முறைகளை விமர்சித்து அதே ஆண்டு ஒரு கருத்துரை எழுதினார்கள். ஹோல்ட் குழு மறுமொழியும் தந்தது. உங்கள் மாணவர்களுக்கு 11 என்ற எண்ணை மனப்பாடம் செய்விப்பதைவிட அந்த வெட்டும் உயரத்தை விளக்குவது மேல் என்பேன்.

புறவயத் தன்மை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். வெட்டும் உயரத்தை மாற்றினாலும், பறவையை விட்டுத் தவளையை எடுத்தாலும், சில பிரிவுகள் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர் ஆகியவை அத்தகையவை. நெடுங்காலம் நீரால் தனித்திருந்த நிலங்கள் அவை. எங்கே நிலம் தடையின்றித் தொடர்கிறதோ அங்கேதான் எல்லை அலைகிறது. சகாராவை ஆப்பிரிக்காவோடு சேர்ப்பதா, யூரேசியாவோடு சேர்ப்பதா, தனியாக்குவதா என்பது அப்படிப்பட்ட கேள்வி. இமயமலையிலும் சீனத்தின் தென்பகுதியிலும் நிலைமை இதுதான். சீனத்துக்குள் பாலியார்க்டிக்கும் ஓரியண்டலும் சந்திக்கும் கோட்டை ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வரைந்திருக்கிறார்கள். இமயமலையைப் போன்ற சுவர் கிழக்குச் சீனத்தில் இல்லாததால் வடக்கும் தெற்கும் அங்கே மெல்ல மெல்லக் கலக்கின்றன.


வன்னிமரம் (பதில்)

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நம் பகுதியைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அது லொம்போக் கதைக்கு நேரெதிரானது.

வாலஸ் 1876இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலில் ஓரியண்டல் மண்டலத்தை நான்கு துணை மண்டலங்களாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்றில் இலங்கையையும் தென்னிந்தியாவையும் சேர்த்து வைத்து, வட இந்தியச் சமவெளியிலிருந்து பிரித்தார். அரச எல்லைகளைப் பொருட்படுத்தாத அந்தப் பிரிவு இன்றும் பொருளுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே பல்லுயிர்ச் செறிவிடமாக இப்போதும் எண்ணுகிறார்கள். ரோட்ஜர்ஸும் பன்வாரும் 1988இல் இந்தியாவுக்கு வகுத்த 10 உயிர்ப்புவியியல் வலயங்கள் நாட்டின் பாதுகாப்புத் திட்டமிடலுக்கானவை என்பதால் இந்திய எல்லையோடு நின்றுவிடுகின்றன. பொதிகைச்சாரல் ஐயா இரண்டையும் மாணவர்களுக்குக் காட்டினால், தேவை படத்தை எப்படி மாற்றுகிறது என்பது அவர்களுக்கு அருகிலேயே விளங்கும்.

பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கியது. பனியூழிகளில் அது பலமுறை தரையாகியிருக்கிறது. கடைசி நிலத்தொடர்பு அறுந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகின்றன. லொம்போக் நீரிணைக்குச் சொன்ன காரணத்தை இங்கே பொருத்தினால் இரு பக்கமும் ஒரே உயிரினங்கள் இருக்க வேண்டும். யானையும் சிறுத்தையும் கரடியும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் பொசயிட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் மரபணுச் சான்றுகளோடு காட்டியது வேறு: மரத்தவளைகள், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள், நன்னீர் நண்டுகள் முதலிய தொகுதிகளில் இலங்கை இனங்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே நெருங்கிய உறவுடையவை; இந்திய இனங்களோடு மிகக் குறைவாகவே கலந்திருக்கின்றன. இலங்கையில் பெருகியிருப்பது சூடோபிலாட்டஸ் என்னும் தவளைப் பேரினம், மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருகியிருப்பது ராவோர்செஸ்டஸ்.

நிலப்பாலம் இருந்தும் ஏன் கடக்கவில்லை? பாலம் இணைத்தது இராமநாதபுரத்தையும் வன்னியையும், அதாவது இரண்டு வறண்ட சமவெளிகளை. ஈரக்காடுகளோ இலங்கையின் சிங்கராஜாவிலும் நக்கிள்ஸிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியமலையிலும் ஆனைமலையிலும் இருக்கின்றன. ஓடைக்கரை ஈரத்தை விட்டு நகர முடியாத சிறு தவளைக்கு அந்த வறண்ட நிலம் கடலுக்குச் சமம். ஆகவே கடல் ஆழத்தை மட்டும் கொண்டு எல்லை வரைந்தால் இலங்கை இந்தியாவின் ஒரு மாவட்டம்போல ஆகிவிடும். தவளைகளைக் கொண்டு வரைந்தால் தனியாக நிற்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 2003இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையின் மிக நெருங்கிய உறவினர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் எச்சம் அது. எந்த உலக மண்டலப் படமும் இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதில்லை, சேர்க்கவும் முடியாது. ஏனெனில் ஒற்றைத் தவளைக் குடும்பத்தின் பழைய உறவை, ஆசியாவிலிருந்து பின்னர் வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான இனங்கள் கணக்கில் மூழ்கடித்துவிடுகின்றன.


பொதிகைச்சாரல்

மிக்க நன்றி. 6 மண்டலப் படத்தை முதலில் கொடுத்து, பாலியையும் லொம்போக்கையும் ஒரு வகுப்பிலும், பாக்கு நீரிணையை அடுத்த வகுப்பிலும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கடைசியாக ஒரு சிறு கேள்வி: கடலுக்கும் இப்படி மண்டலங்கள் வகுத்திருக்கிறார்களா?


கடல்மட்டம்

வகுத்திருக்கிறார்கள். ஸ்பால்டிங் முதலானோர் 2007இல் கரையோர, கண்டத்திட்டுக் கடல்களை 12 மண்டலங்கள், 62 மாகாணங்கள், 232 சூழல் வட்டாரங்கள் எனப் பிரித்தார்கள். அதில் நிலத்துக் கோடுகளைத் தேட வேண்டாம். வாலசியாவின் தீவுகளைப் பிரிக்கும் ஆழ்கடல் பவளத்துக்கும் மீன்குஞ்சுக்கும் தடையில்லை என்பதால், வாலஸ் கோட்டின் இரு பக்கமும் அங்கே நடு இந்தோ-பசிபிக் என்னும் ஒரே மண்டலத்துக்குள் அடங்குகின்றன.